ஓய்வுநாளில் ஒரு முட்டை

1651-ஆம் ஆண்டு, ஒரு ஞாயிறு காலை எட்டு மணிக்கு, பியூரிட்டன் என்னும் கண்டிப்பான கிறிஸ்தவக் குடியேறிகளின் ஊர்க் கொட்டிலில் பொறுமை என்ற கோழி ஒரு முட்டை இட்டுத் தொலைத்தது.

"ஓய்வுநாளில் வேலை செய்வது பாவம். நரிக் காட்டுக்குப் போ," என்றார் சபை மூப்பரான சேவல்.

பொறுமை திருப்பிக் கேட்டது: "விடியலில் நீங்கள் கூவினீர்களே, ஐயா?"

"அது ஜெபம்."

"பிறகு குப்பையைக் கிளறிப் புழு தின்றீர்களே?"

"நன்றி செலுத்தினேன். பேச்சை மாற்றாதே. இந்தப் பாவத்தில் உனக்குக் கூட்டு யார்?"

சபைக் கோழிகள் எல்லாம் கழுத்தை நீட்டின.

"இந்தக் கொட்டிலில் சேவல் நீங்கள் ஒருவர்தானே, ஐயா."

மூப்பர் நெடுநேரம் இருமினார். தீர்ப்பு தள்ளிவைக்கப்பட்டது.

அவ்வாண்டு அக்டோபர் 9 அன்று ஓய்வுநாள் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி வாத்து முட்டை மட்டுமே பாவம்.