கீழே பார்க்கும் கேமரா

மெஹராஜ் பேகம் கைபேசியைத் தரை நோக்கிப் பிடித்தபடி ஹாலில் மெல்ல நடக்கிறாள். மூன்று வருஷமாக ஊருக்கு வராத புருஷன் ஜெக்கரியா, குவைத்திலிருந்து வீடியோவில் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பழைய மொசைக்கை மூடி, மரநிற வினைல் பலகைகள் ஒன்றையொன்று கவ்விக் கிடக்கின்றன. ஜன்னல் வெயில் அவற்றின் மேல் வழுக்குகிறது. ரப்பர் சுத்தியலின் மொத்தென்ற சத்தம் ஓய்கிறது. “சுவரோரம் ஏன் இடைவெளி?” என்கிறார் அவர். “சூட்டுக்கு விரியும் பாய், இடம் விடணும்” என்கிறான் பலகை பதிக்கும் பிரபு. “அந்த மூலையக் காட்டு... நல்லாருக்கு. ட்யூட்டிக்கு நேரமாச்சு, வைக்கிறேன்.” “மச்சான், ஒரு நிமிசம்...” என்கிறாள் மெஹராஜ். கேமராவைத் தன் பக்கம் திருப்ப அவள் விரல் தேடுவதற்குள் அழைப்பு நின்றுவிடுகிறது. இந்த அழைப்புக்காகக் காலையிலேயே உடுத்திய புதுச்சேலையில் மடிப்புக்கூடக் கலையவில்லை. “பாய் பாத்துட்டாரா?” என்று கேட்கிறான் பிரபு. “பாத்துட்டாங்க” என்கிறாள்.