கிளிப்பச்சைக் கதவு

"அண்ணே, அந்தக் கிளியை இப்பவே இறக்குங்க. இல்லேன்னா இந்தத் தெருவுல நான் தலை காட்ட முடியாது!"

அதே தெருப் பெண் ஒருத்தி பட்டறை வாசலில் நின்று கத்தினாள். டிங்கர் கிரைண்டரை நிறுத்தினார். வீட்டுக்குப் பின்பக்கம் தகரம் போட்டு இறக்கிய கொட்டகைதான் அவருடைய பட்டறை. அடிபட்ட கார்களுக்கு ஒடுக்கு எடுப்பது தொழில். தட்டி நிமிர்த்த முடியாத பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகரம் வைப்பார். வெட்டிய துண்டுகள் மூலையில் சேரும்.

வருஷக் கடைசி லீவு நெருங்கினால், அந்தத் துண்டுகள் கொக்காகவும் மைனாவாகவும் மாறித் தெருமுனைக் கம்பியில் தொங்கும். கண்ணுக்கு ஒரு நட்டு, மூக்குக்கு ஒரு பழைய ஸ்பிரிங். போகிறவர் வருகிறவர் எல்லாம் அண்ணாந்து பார்ப்பார்கள். பழைய பறவைகளோடு வருஷா வருஷம் புதுப் பறவைகளும் சேரும்.

இந்த வருஷம் நடுநாயகமாக ஒரு கிளி. வந்தது வினை!

ஏனென்றால் அந்த வட்டாரத்தில் கிளிப்பச்சை நிறத்தில் ஓடுவது ஒரே ஒரு கார். அது அவள் வீட்டுக் கார். லைசென்ஸ் கைக்கு வந்த ஜோரில், போன மாதம் ரிவர்ஸ் எடுத்தவள் நேராகக் கொண்டுபோய், பக்கவாட்டுக் கதவு நசுங்கக் கேட் தூணில் சாத்தினாள். தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது.

"பால் வாங்கப் போனா வாத்தியார் சொல்றார், 'உங்க கதவு நல்லாப் பறக்குதும்மா'ன்னு. எதிர் வீட்டு அக்கா சிரிச்ச சிரிப்பு இருக்கே, சாகலாம்போல இருந்துச்சு."

"நல்லாத்தானேம்மா பறக்குது?"

"நீங்களுமா அண்ணே? ஏற்கெனவே எங்க வீட்டுக்காரர் தாங்க முடியல. 'இத்தனை வருஷமா ஓட்டறேன், என் கையால ஒரு கீறல் விழுந்திருக்கா'ன்னு ஊரெல்லாம் அளந்துக்கிட்டுத் திரியறார். சாவியையும் பிடுங்கிப் பாக்கெட்ல போட்டுக்கிட்டார். லீவுக்கு நானே ஓட்டிக்கிட்டு வரேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு வாசல்லயே நின்னுக்கிட்டிருப்பாங்க." அங்கே கிடந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். "இனிமே ஸ்டீயரிங்கையே தொடப் போறதில்ல அண்ணே."

டிங்கருக்குப் பாவமாக இருந்தது. ஆனால் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. யார் இடித்த வண்டி என்பதை எவரிடமும் வாய் திறந்து சொல்ல மாட்டார். தார்ப்பாயைப் போட்டு மூடித்தான் வேலையே செய்வார். தெருவே அவரிடம் வண்டியை விடுவதற்கு அதுதான் காரணம்.

"சரி தங்கச்சி. கிளியைத்தானே இறக்கணும்?"

"ஆமா. எங்க வண்டித் தகரம் ஒரு துண்டுகூட மேல இருக்கக் கூடாது."

"ஒரு துண்டுகூட?"

"ஒரு துண்டுகூட!"

அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார். அவள் அடியில் பிடித்துக்கொண்டாள்.

புதுக் கிளி இறங்கியது. அடுத்து, அதற்குப் பக்கத்தில் இருந்த கிளி. அப்புறம் இறக்கை வெளுத்த ஒன்று. அப்புறம் வாலில் துரு ஏறிய ஒன்று. அவர் பாட்டுக்கு எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

"போதும் அண்ணே! அதெல்லாம் பழசு. நீங்க பெயிண்ட் அடிச்ச கிளிங்கதானே?"

"பெயிண்ட்டா? நான் அடிக்கறதே கிடையாதும்மா. தகரம் எந்தக் கலர்ல வருதோ, அந்தக் கலர்ப் பறவை செய்வேன்."

அவள் வாங்கி வைத்த கிளிகளை ஒரு முறை பார்த்தாள். எல்லாம் ஒரே பச்சை.

"அண்ணே, நான் ஓட்டக் கத்துக்கிட்டதே இந்த வருஷம்தானே?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்று டிங்கர் அவசரமாக ஒரு கம்பி முடிச்சை ஆராயத் தொடங்கினார்.

"அப்போ... ஆபீஸ்லேர்ந்து நேரா சர்வீசுக்கு விடறேன், சர்வீசுக்கு விடறேன்னு வருஷா வருஷம் சொல்லுவாரே, அது இங்கேதானா? வண்டியை எவ்வளவு அக்கறையா வெச்சிருக்கார்னு அம்மாகிட்ட பெருமையா வேற சொல்லியிருக்கேன்!"

"நான் எதுவும் சொல்லலைம்மா."

அவள் அண்ணாந்து பார்த்தாள். மிச்சமிருந்த பறவைகள் காற்றில் ஆடின. வாத்தியார் காரின் வெள்ளையில் ஒரு கொக்கு. எதிர் வீட்டு அக்கா காரின் சிவப்பில் ஒரு மரங்கொத்தி.

"அண்ணே, அந்தக் கொக்கு..."

"வெயில் ஏறுதும்மா. நான் இறங்கட்டுமா?"

அதற்குள், கிளிகள் இறங்குவதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்ட அவள் கணவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். தடுக்க வந்தவர், தரையில் வரிசையாகக் கிடந்த கிளிகளைப் பார்த்ததும் தயங்கி நின்றார்.

"எ... எதுக்கு எல்லாத்தையும் இறக்கினீங்க?"

அவர் டிங்கரைப் பார்த்தார். டிங்கர் வானத்தைப் பார்த்தார்.

"வந்து... அது என்னன்னா, ஒரு தடவை மாடு குறுக்கே வந்துடுச்சு..."

"ஒவ்வொரு வருஷமுமா?"

அவருக்கு முகம் வேர்த்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு மாதமாக மறந்திருந்த சிரிப்பு, கண்ணில் நீர் வரும்வரை விடவில்லை.

"எல்லாத்தையும் திரும்ப மாட்டிடுங்க அண்ணே. என்னோடது நடுவுலயே இருக்கட்டும்."

கணவரிடம் கையை நீட்டினாள். சாவி மறுபேச்சில்லாமல் வந்தது.

"தெருவுக்குத் தெரிஞ்சா என் மானம் போயிடும்மா," என்றார் அவர், காதோரமாக.

"யார் கேட்டாலும் எல்லாக் கிளியும் நான் இடிச்சதுன்னே சொல்லிடறேன், கவலைப்படாதீங்க. நாளைக்கு அம்மா வீடு போய்ச் சேர்ற வரைக்கும், பக்கத்து சீட்ல வாயைத் திறக்காம உட்கார்ந்து வந்தாப் போதும்!"