ஆடாத தாங்கி

"கைய நல்லா நடுக்குங்க பாய். இது பத்தாது."

லத்தீப் பாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. வாணியம்பாடியில் முதல் பஸ் பிடித்து, இரும்புச் சாமான் மூட்டையோடு மலையேறி, ஜமுனாமரத்தூர் சந்தையில் பதினைந்து வருடமாகக் கடை விரிக்கிறவர் அவர். அரிவாள் வாங்க வந்து, கூர் பார்க்கிறேன் என்று தன் கட்டைவிரலையே சீவிக்கொண்டவனைக்கூடப் பார்த்திருக்கிறார். கடைக்காரனைக் கை நடுக்கச் சொல்கிற ஆளை இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில்தான் பார்க்கிறார்.

"என் கை இன்னாத்துக்குப்பா நடுங்கணும்? எனக்கு இன்னா எண்பது வயசா?"

"சும்மா நடுக்குங்க பாய். பார்த்துட்டுதான் வாங்கணும்."

வந்தவன் பெயர் குப்பன். இருபத்தைந்து வயதுக்குமேல் இராது. நாட்டுத் துப்பாக்கியின் குழலை நிறுத்தி வைக்க இரண்டு கால் தாங்கி ஒன்று வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும் என்று வந்திருந்தான். துப்பாக்கியையே சந்தைக்குத் தூக்கி வந்தால் போலீஸ் வம்பு. அதனால் அதே நீளத்துக்கு ஒரு மூங்கிலை வெட்டி, கனத்துக்கு நுனியில் கருங்கல்லைக் கட்டி எடுத்து வந்திருந்தான். கெட்டிக்காரப் பையன் என்று பாய் முதலில் மெச்சிக்கொண்டார். இப்போது அந்த எண்ணம் கொஞ்சம் ஆட்டம் கண்டிருந்தது.

தாங்கியில் மூன்று தினுசு இருந்தது. மரத்தில் செய்தது ஏழு ரூபாய். கம்பியை வளைத்தது பதினைந்து. பட்டை இரும்பில் திருகு வைத்து மடக்குகிறது முப்பது. குப்பன் மடியில் இருந்தது பதினெட்டு.

அவன் மரத்தாங்கியில் மூங்கிலை ஏற்றி, பின்பக்கத்தைப் பாயின் தோளில் கொடுத்துவிட்டு, பத்தடி தள்ளி எதிரே போய் நின்றுகொண்டான்.

"அங்க இன்னாப்பா பண்றே? பின்னாடி வந்து குறி பாரு."

"இங்கருந்து பார்த்தாதான் பாய் தெரியும்."

சரி, கிராக்கியை விரட்டுவானேன் என்று பாய் கையை நடுக்கினார். மூங்கில் நுனி தறிகெட்டு அலைந்தது. குப்பனின் முகம் வெளுத்துப் போயிற்று.

"இது வேணாம் பாய். எடுத்துருங்க."

"பன்னிக்குத்தானே வாங்கறே?"

"ஆமா பாய். சாமைக் கதிரு முத்திப்போச்சு. இந்த வாரம் பன்னிய வுட்டா வருசம் பூரா கஞ்சி கிடையாது."

பாவம், பயிருக்காகத்தான் இப்படிப் பதறுகிறான் என்று பாய்க்கு மனசு இளகியது. கம்பித் தாங்கியில் மூங்கிலை வைத்து, அவன் கேட்காமலே நடுக்கிக் காட்டினார். நுனி முன்னைப்போல் அலையவில்லை. பையனைச் சிரிக்க வைக்கலாமென்று ஒரு கண்ணை மூடி, "டுமீல்" என்றார்.

குப்பன் படாரென்று குப்புற விழுந்தான்.

பாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் புளி விற்றுக்கொண்டிருந்த பாஞ்சாலி தராசைப் போட்டுவிட்டு எழுந்து ஓடிவந்தாள். வலிப்போ என்னவோ என்று பாய் சாவிக்கொத்தைத் தேடுவதற்குள், குப்பன் தானே எழுந்து முழங்கை மண்ணைத் தட்டிக்கொண்டான்.

"ஒண்ணுமில்ல பாய். பழக்கம்."

"யா அல்லா. வாயால சுட்டதுக்கே வுழுந்துட்டியே, நீ இன்னாத்தப்பா பன்னி சுடப்போறே?"

குப்பன் முப்பது ரூபாய்த் தாங்கியைக் காட்டினான். பாய் அதையும் வைத்து நடுக்கினார். எவ்வளவு ஆட்டியும் நுனி அசைவேனா என்றது. குப்பன் எதிரே நின்று அதையே பார்த்தபடி நெடுமூச்சு விட்டான்.

"இது போதும் பாய். பதினெட்டு ரூபாய்க்குத் தர்றீங்களா?"

"எனக்கே கட்டாதுப்பா. கம்பித் தாங்கிய எடுத்துக்கோ. ஆடினா ஒரு சாண் ஆடும், அவ்ளோதான்."

"ஒரு சாண் ஜாஸ்தி பாய்."

சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாணை அவிழ்த்துப் பாய் முன்னால் வைத்தான். பாய் திகைத்துப் போனார். பன்னிக்காக அரைஞாணைக் கழற்றித் தருகிற மலைக்காரனை அவர் கேள்விப்பட்டதில்லை.

"உனக்கு இன்னா பைத்தியமா? மொதல்ல எடுத்துக் கட்டு. ரெண்டு பன்னி தப்பிச்சுப் போனா போவட்டுமே."

"பன்னி தப்பிச்சா பரவால்ல பாய்."

"அப்புறம் இன்னாத்துக்குடா இவ்ளோ ஆடாத தாங்கி? உனக்குக் குறி பார்க்கவே தெரியாதா?"

"சுடறது நான் இல்ல பாய், எங்க மாமனாரு. லைசென்சு அவரு பேர்ல கீது. செத்தாலும் துப்பாக்கிய வேற ஆளு கையில குடுக்கமாட்டாரு. கையும் நடுக்கம், கண்ணும் மங்கல். நான் எதிர்ப்பக்கம் பொதர்ல பூந்து, பன்னிய அவரு பக்கமா ஓட்டினு வரணும். அது வூட்டு மருமவன் வேலை."

பாய்க்குக் கை நிஜமாகவே நடுங்க ஆரம்பித்தது. அரைஞாணை அவன் கையில் திணித்து, தாங்கியையும் தூக்கிக் கொடுத்தார்.

"பதினெட்டே குடு. ஏம்ப்பா, உனக்கு முன்னாடி யாரு ஓட்டினு இருந்தது?"

"எங்க வூட்டுக்காரியோட மொத புருசன்" என்றான் குப்பன்.