தெருமுனைச் சத்தம்

அப்பாவின் கான்டெஸா கார் தெருமுனையில் உறுமியதுமே அம்மா வளையல்களைக் கழற்றி அரிசி டின்னுக்குள் போட்டுவிடுவாள். அடி விழும்போது உடைந்தால் சில்லு கையில் ஏறிவிடும். ஒருமுறை ஏறியது. அவள் சாகும்போதும் அது மணிக்கட்டுக்குள்தான் இருந்தது.

அப்பாவுக்குப் பிறகு கார் அண்ணன் ரெஜிஸிடம் வந்தது. பட்டறையில் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்த மெக்கானிக் செல்லக்கண்ணு கேட்டார்: "புகை போறதுக்குப் புது ஹெடர் குழாய் போட்டா வண்டி பறக்கும் தம்பி. ஆனா சத்தம் மாறிடும். இல்ல, பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டையே மாட்டிரவா?"

"புதுசே போடுங்கண்ணே," என்று அண்ணனை முந்திக்கொண்டு அவரிடம் சொன்னேன்.

"நீ சும்மா இருடி," என்று அண்ணன் சிரித்தான். "பழசையே மாட்டுங்க. தெருமுனையில திரும்பும்போதே வீட்டுல இருக்கறவளுக்கு நான் வர்றது தெரியணும்."

காலையில்தான் அண்ணியின் வளையல் இல்லாத கைகளைப் பார்த்திருந்தேன்.

மேசையில் கிடந்த மேனிஃபோல்டின் பக்கத்தில் என் வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தேன். செல்லக்கண்ணுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சம்மட்டியை எடுத்து ஓங்கினேன். முதல் அடியிலேயே வார்ப்பிரும்பு இரண்டாகப் பிளந்தது.

சம்மட்டியோடு திரும்பினேன். அண்ணன் என் மணிக்கட்டுகளையே பார்த்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.