நாலு மணி நேரச் சுருள்

“முடியைச் சுருட்டி விடற பர்ம்ல, இருக்கிறதிலேயே ரொம்ப நேரம் எடுக்கிறது எது?”

அழகு நிலையத்துக்குள் வந்ததும் வராததுமாக அந்த மனிதர் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவர் மனைவி கண்ணாடிக் கதவைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றிருந்தாள்.

சுருளக்கா சீப்பைக் கீழே வைத்தாள். முடி சுருட்டுவதில் அவள் கை அப்படி. அந்தப் பட்டப்பெயரே நிலைத்துப்போய், அக்கம்பக்கத்தில் யாருக்கும் அவளுடைய சொந்தப் பெயர் ஞாபகமில்லை. எது எடுப்பாக இருக்கும், எத்தனை மாதம் நிற்கும் என்று கேட்டவர்கள் உண்டு. எது அதிக நேரம் எடுக்கும் என்று கேட்டவர் இவர் ஒருவர்தான்.

“ஸ்பைரல் பர்ம்னு ஒண்ணு இருக்கு. முடியை மெல்லிசு மெல்லிசாப் பிரிச்சு, ஒவ்வொண்ணையும் தனித்தனி ரோலர்ல சுத்தணும். நாலு மணி நேரம் ஆயிடும்.”

“நடுவுல எழுந்து வீட்டுக்கு வர முடியாதே?”

“தலை நிறைய ரோலரும் மருந்துமா எங்கங்க போறது?”

“அப்ப அதையே போட்டுடுங்க.”

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சுருளக்காவுக்குச் சுருக்கென்றது.

மனைவி தயங்கித் தயங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். “சுருட்டை முடின்னா ஆசைன்னு எப்பவோ ஒரு நாள் சொன்னேன். அதுக்குப் போய் இன்னிக்கு இவ்வளவு அவசரமா...”

“எனக்கு இன்னிக்குத்தானே லீவு. அந்தப் போனைக் கொடு.”

“போன் எதுக்குங்க? யாராவது கூப்பிட்டா?”

“யாரும் கூப்பிட மாட்டாங்க. கொடு.”

வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இருபது வருஷமாக அந்த நாற்காலிக்குப் பின்னால் நிற்பவள் சுருளக்கா. மனைவியை இங்கே உட்கார வைத்துவிட்டுச் சீட்டாடப் போனவரையும் பார்த்திருக்கிறாள், வேறு எங்கெங்கோ போனவரையும் பார்த்திருக்கிறாள். ஆனால் போனையும் பிடுங்கிக்கொண்டு போகிற ஆளைப் பார்த்ததில்லை.

அந்த அம்மாவின் முடியை அவிழ்த்து விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தாள். நூல் மாதிரி மெலிந்த முடி. சீப்பை வைத்ததும் நாலைந்து கையோடு வந்தது.

“ஸ்பைரல் வேண்டாங்க. இந்த முடி அவ்வளவு இழுப்பைத் தாங்காது. பெரிய ரோலரா வெச்சு, லேசா அலை அலையாப் போட்டா அடர்த்தியாத் தெரியும். அதுதான் இவங்களுக்குப் பொருத்தம்.”

“அது எவ்வளவு நேரம்?”

“ரெண்டு மணி நேரம்.”

அவர் முகம் விழுந்துவிட்டது. “கொஞ்சம் மெதுவாப் போட்டா?”

“மருந்தை அதிக நேரம் விட்டா முடி பொசுங்கிடும். தலை அவங்களோடதுங்க.”

வேண்டுமென்றேதான் வெடுக்கென்று சொன்னாள். அவர் கோபப்படவில்லை. “முடி கெட்டுடக் கூடாது. நீங்க சொல்றதையே போடுங்க” என்று ஒரு சீட்டில் தன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு, கிட்டத்தட்ட ஓடினார்.

சுருளக்கா முடியை அலசி, பகுதி பகுதியாகப் பிரித்து, ரோலரில் சுற்ற ஆரம்பித்தாள்.

“அப்படி என்ன தலைபோற வேலையாம் அவருக்கு?” மெதுவாக வாயைக் கிளறினாள்.

மூன்றாவது ரோலரைச் சுற்றி முடிப்பதற்குள் அந்த அம்மா தூங்கிப்போயிருந்தாள். கழுத்து சாய்ந்த தூக்கம் இல்லை. ஆள் அப்படியே அமுங்கிப்போகிற தூக்கம். மருந்து போட்டு அது ஊறும் நேரம் முடிந்ததும் மணிக்கருவி ‘கிர்ர்’ரென்றது. “இதோ வந்துட்டேன்” என்று கண்ணைத் திறக்காமலே பாதி எழுந்தாள். சுருளக்கா தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். அலசும் தொட்டியில் தலையைச் சாய்த்தபோதும், ரோலரைக் கழற்றியபோதும் தூங்கிக்கொண்டேதான் இருந்தாள்.

இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. அலை அழகாக விழுந்திருந்தது.

‘இருக்கட்டும், அந்த ஆளை இப்பவே வரவழைக்கிறேன்’ என்று சுருளக்கா உள்ளறைக்குப் போய்ப் போனைப் போட்டாள்.

“முடிஞ்சுடுச்சுங்க. எங்க இருந்தாலும் வந்து கூட்டிட்டுப் போங்க.”

“ஒரு நிமிஷங்க. அம்மாவைப் புரட்டிப் படுக்க வெச்சுட்டு...” அவருக்கு மூச்சு வாங்கியது. அந்தப் பக்கம் ஒரு வயதான குரல் ‘மருமக எங்கடா’ என்று அழுதது. ‘வந்துடுவாம்மா. நான் இருக்கேன்ல, கையைக் கொடு’ என்றார். பிறகு போனில் குரலைத் தணித்துக் கேட்டார்.

“அவ தூங்கினாளா?”

சுருளக்கா அறைக்கதவு வழியே எட்டிப் பார்த்தாள். “தூங்கறாங்க. வந்ததுலேர்ந்து.”

“எட்டு மாசமா எங்கம்மா படுத்த படுக்கை. கூப்பிட்டா இவளைத்தான் கூப்பிடுவாங்க. நான் பாத்துக்கறேன், நீ படுன்னா அஞ்சு நிமிஷத்துல எழுந்து வந்து நிக்கறா. வெளியூர் போயிட்டு வான்னா போக மாட்டா. தலையில ரோலரை மாட்டிட்டா வர முடியாதுன்னு யாரோ சொன்னாங்க. அதான்... சரிங்க, முடிஞ்சுடுச்சுன்னா இதோ வந்துடறேன்.”

“வேண்டாம். நீங்க நிதானமா வேலையை முடிங்க. நானே கூப்பிடறேன்.”

சுருளக்கா வந்து ஜன்னல் திரையை இழுத்து விட்டாள். சத்தம் கேட்டு அந்த அம்மா அரைத்தூக்கத்தில் முனகினாள்.

“முடிஞ்சுதாக்கா? நான் போகணும்...”

சுருளக்கா மருந்து ஊறும்போது மாட்டும் பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து, வேலை முடிந்துவிட்ட தலையில் பூப்போல மாட்டினாள்.

“எங்க முடிஞ்சுது? இப்பத்தானே மருந்து போட்டிருக்கேன். அசையாம அப்படியே இருங்க.”