பாட்டு நிற்கும் இடம்

கல்முனைக் கடைத்தெருவில், சாஜித்தின் ஒலிக்கருவிக் கடைக்குள் சாய்வெயில் புகுந்து கண்ணாடிப் பேழைகளின் மேல் படிகிறது. மேசையில், சென்ற மாதம் மோட்டார் சைக்கிள் விபத்தில் மாண்ட றெனோல்டின் கீபோர்ட் கிடக்கிறது. அதனுள்ளிருந்த ஸ்பீக்கர் பழுது. மகன் அதில் பதிந்து வைத்த மாதா கீதம் நாளை முப்பத்தோராம் நாள் செபத்தில் வீட்டில் ஒலிக்க வேண்டும் என்று அவன் தாய் லூர்தம்மா வந்திருக்கிறாள். "பெரிய ஸ்பீக்கர் பெட்டி கலியாண வீட்டுக்கம்மா. உங்கட அறைக்கு இந்தச் சின்னச் சோடியே காணும். சத்தம் கூட்டுற அம்ப்ளிஃபயரும் உள்ளுக்கே இருக்கு" என்று சாஜித் வயரைச் சொருகுகிறான். கீதம் தூபப்புகைபோல் மெல்லச் சுருண்டு எழுகிறது. கடைசி அடிக்கு முன் நின்றுவிடுகிறது. சற்றுமுன் போட்டுப் பார்த்த பெரிய பெட்டியிலும் இங்கேதான் நின்றது. "இதுவும் கோளாறு போல" என்று அவன் கை சுவிட்சுக்கு நீள்கிறது. "தொடாத, மனே. நான் கடைசி அடி படிக்கத் தொடங்குமட்டும் என்ட மகன் இப்பிடித்தான் வாசிக்காம நிப்பான். கோயிலிலயும் அப்பிடித்தான்." "பதிஞ்ச பாட்டு ஆரையம்மா பாத்துக்கொண்டு நிக்கும்?" லூர்தம்மா சேலைத் தலைப்பால் தலையை மூடி, கடைசி அடியைத் தொடங்குகிறாள். அக்கணமே இசையும் உடன் வருகிறது. சாஜித்தின் உதடுகள் ஓசையின்றி எதையோ ஓதுகின்றன. பாதி அடியில் அவள் குரல் அறுந்துபோகிறது. சின்னப் பெட்டிகளில் நீல விளக்கு எரிந்தபடியே இருக்கிறது. இசை மட்டும் நின்று, அவளுக்காகக் காத்திருக்கிறது.