இன்னொரு போனின் திரை

"இது யார் போன்? உண்மையைச் சொல்லுங்க" என்றான் போன் ரிப்பேர்க்காரன்.

மேசை மேல் ஒரே மாதிரி இரண்டு போன்கள் கிடந்தன. ஒன்றின் திரை நொறுங்கி, தொட்டால் விரலைக் கிழித்துவிடும் போலிருந்தது. மற்றதில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் பூட்டு எண் கேட்டபடி நின்றது. நல்ல திரையைக் கழற்றி உடைந்த போனில் மாட்டித் தரவேண்டுமாம். வந்தவர்கள் இரண்டு பேர், பார்த்தால் தாயும் மகளும். உடைந்த போன் அந்தப் பெண்ணுடையது.

பூட்டிய போனைப் பிரிக்கச் சொல்லி வருவது பெரும்பாலும் திருட்டுச் சரக்கு. போன வருடம் ஒருவனை நம்பிக் கைவைத்துவிட்டு, போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தான். சூடு கண்ட பூனை அவன்.

"என் பையனோடது தம்பி." அந்த அம்மா பையிலிருந்து போன் வந்த டப்பாவையும் கடை ரசீதையும் எடுத்து வைத்தாள். டப்பாவில் அச்சடித்த எண்ணும் போனில் பொறித்த எண்ணும் ஒத்துப்போயின. நல்ல மனுஷியைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று அவனுக்குக் கூச்சமாகப் போயிற்று.

"கோச்சுக்காதீங்கம்மா. நல்ல போனை எதுக்குப் பிரிக்கணும்? பூட்டு நம்பரைப் பையன்கிட்ட கேட்டு, முழுசா தங்கச்சிக்கே குடுத்துடலாமே?"

"அவன்கிட்ட கேக்க முடியாதுப்பா."

"கம்பெனியில கேட்டீங்களா?"

"போனோம். வாங்கின ஆளே நேர்ல வந்தாத்தான் திறப்பாங்களாம். அவன் வர மாட்டான்."

அவனுக்கு விளங்கிவிட்டது. வீட்டுக்கு வீடு வாசப்படி. பையன் முறுக்கிக்கொண்டு எங்கேயோ போய் உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான். "என்ன, அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் சண்டையா?" என்று அந்தப் பெண்ணைச் சீண்டினான்.

அவள் முகக்கவசத்தை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்தாள். "விடுங்கம்மா. நான் வேற போன் வாங்கிக்கறேன். இதைப் பிரிக்க வேணாம், உங்ககிட்டயே இருக்கட்டும்."

பெற்றவளை வாங்க, போங்க என்று பேசும் பெண்ணை இந்தக் காலத்தில் எங்கே பார்க்க முடிகிறது? அவன் வீட்டு வாண்டு அவனையே வாடா, போடா என்கிற ரகம்.

"எங்கிட்ட இருந்து என்ன பண்ணப்போகுது? உன் கையில இருக்கணும்" என்றாள் அந்த அம்மா. கடைக்குள் வந்ததிலிருந்து அவள் உள்ளங்கை அந்தப் பெண்ணின் முதுகை விட்டு நகரவே இல்லை. இவ்வளவு பாசமா என்று அவனுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"ஒண்ணு முதல்லயே சொல்லிடறேம்மா. மாட்டறது என் கையில. வேலை செய்யறது கம்பெனி கையில. அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

"நீ மாட்டுப்பா."

சூடான காற்றை ஊதிப் பசையை இளக்கினான். கடுகளவு திருகுகளைக் கழற்றித் தாளில் வரிசையாக வைத்தான். நல்ல போனின் திரை, உடைந்த போனில் அச்சுப் பிசகாமல் உட்கார்ந்தது. பொத்தானை அழுத்தினான்; வெளிச்சம் வந்தது.

"வந்துடுச்சு பாரு! நான்தான் சொன்னேனே!" அந்த அம்மா சின்னப் பிள்ளை போல் கைதட்டினாள். அந்தப் பெண்ணும் கண்களால் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் திரையில் எழுத்துகள் வந்து நின்றன. 'இந்தத் திரை இந்தக் கருவிக்கு உரியது அல்ல.' அதற்குப் பிறகு எங்கே தொட்டாலும் அசையவில்லை. அணைத்துப் பார்த்தான், கழற்றி மறுபடியும் மாட்டிப் பார்த்தான். அதே எழுத்துகள்.

எத்தனையோ தடவை பார்த்ததுதான் என்றாலும் அவனுக்கு வயிறு எரிந்தது. காசு கொடுத்து வாங்குவது நாம். கழற்றி மாட்டும் உரிமை மட்டும் விற்றவனிடமே இருக்கும். இது எந்த ஊர் நியாயம்?

"திரையில குறை இல்லம்மா. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு நம்பர் வெச்சிருக்கான். நம்பர் மாறிட்டா கம்பெனியோட கம்ப்யூட்டர் சம்மதம் குடுக்கணும். எங்களை மாதிரி ஆளுங்க கேட்டா குடுக்க மாட்டான். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணுமே."

"ரெண்டும் ஒரே மாதிரிதானே தம்பி? பொருந்திச்சே, வெளிச்சம்கூட வந்துச்சே?" அவள் திரையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "இன்னொரு தடவை பாரேன். அவனோடது ஒண்ணாவது கண்ணுக்குத் தெரியற மாதிரி இவகிட்ட இருக்கட்டும்னுதான் ஓடி வந்தேன்."

அந்தப் பெண் அழத் தொடங்கிவிட்டாள். ஒரு போன் திரைக்கு இவ்வளவு அழுகையா என்று அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனாலும் மனசு கேட்காமல், முடிந்தவரை இதமாகச் சொன்னான்.

"பொருந்தறது வேற, ஏத்துக்கறது வேறம்மா. இன்னொருத்தரோட பாகத்தைக் கொண்டுவந்து உள்ள வெச்சா, அது எப்படி ஏத்துக்கும்?"

அந்த அம்மா அந்தப் பெண்ணைத் தன்னோடு இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"என் பையனோட இதயத்தை இந்தப் பொண்ணு உடம்பு ஏத்துக்கிச்சே தம்பி!"